அபிஷேகம் பெற்றவரைத் தொடலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

என் பெயரைப் போட வேண்டாம். அம்மா இன்னும் அந்தச் சபைக்குத்தான் போகிறார்கள்.

அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. போன வருடம் காலில் புண் வந்தது. எங்கள் பாஸ்டர் வீட்டில் நாற்பது நாள் உபவாச ஜெபம் வைத்தார். இருபதாம் நாள், “கர்த்தர் சுகம் கொடுத்தாயிற்று, எனக்கு வெளிப்படுத்தினார். இனிமேல் ஊசி போடுவது அவிசுவாசம்” என்றார். அப்பா இன்சுலினை நிறுத்தினார். அம்மா இரண்டு வளையலைக் கழற்றிக் காணிக்கை கொடுத்தார்கள். முதலில் காலை எடுத்தார்கள். பிறகு அப்பாவே போய்விட்டார். அடக்க ஆராதனையில் பாஸ்டர் சொன்னது: “இந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவருக்கு விசுவாசம் குறைவாக இருந்தது.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊசி போடுங்கள் என்று அழுதவள் நான்தான்.

இப்போது சபைக்குப் போவதில்லை. விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரி என்கிறார்கள். கேள்வி கேட்டால், பாஸ்டரைக் குறை சொல்லக்கூடாது என்பதற்கு “அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்று வசனம் வருகிறது. சிஎஸ்ஐ கோவிலுக்குப் போனேன், ஆர்.சி. கோவிலில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கும் மனம் நிலைக்கவில்லை. ஆனால் சமைக்கும்போது அந்தச் சபையில் படித்த பாட்டுதான் வாயில் வருகிறது. அப்பாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. உண்மையாக வழிகாட்டும் ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

சர்க்கரைக்காரரின் காலில் புண் இருக்கும்போது இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், புண் ஆறாது, கிருமி எலும்பு வரைக்கும் இறங்கலாம். ஊசி போடச் சொல்லி நீங்கள் அழுதது சரி. அந்த வீட்டில் அன்றைக்குச் சரியாகப் பேசிய ஒரே ஆள் நீங்கள். இதை உங்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் நான் சொல்கிறேன்.

வேதத்தை வைத்துத்தான் உங்களைக் குற்றவாளி ஆக்கினார்கள், ஆகவே வேதத்திலிருந்தே பார்ப்போம். பவுலின் உடம்பில் பட்ட உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய் நீங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இன்றைக்குக் கைக்குட்டையை ஜெபித்துக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் காட்டுவது அந்த இடத்தைத்தான். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில், போகிற போக்கில், துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டு வந்தேன் என்கிறார். அவ்வளவுதான், ஒரு வரி. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லவில்லை, அவன் வீட்டில் யாருக்கோ குறை என்றும் சொல்லவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அவர் கொடுத்த யோசனை கொஞ்சம் திராட்சரசம் குடி என்பது. கூட இருந்த லூக்கா வைத்தியர். இத்தனையும் உங்கள் பாஸ்டர் கையில் பிடித்திருக்கும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்து, உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது, அதனால்தான் இப்படி என்றார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்ட யோபுவின் மேல் அல்ல, அவருக்காக வக்காலத்து வாங்கிய இவர்கள் மேல். அடக்க ஆராதனையில் உங்கள் பக்கம் திரும்பிய கண்களை நினைக்கும்போது இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

சரி, அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்ற வசனத்துக்கு வருவோம். இதைச் சொல்லி வாயை மூட வைக்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று தெரியவில்லை. 105ஆம் சங்கீதத்தில் இருக்கிறது, நாளாகமத்திலும் வருகிறது. ஆறு வசனம் மேலே போய் வாசித்தால், அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் என்று தெரியும். எண்ணிக்கையில் சொற்பமானவர்கள், சொந்த நிலம் இல்லாத பரதேசிகள், ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு அலைந்து திரிந்தவர்கள். இவர்கள் மேல் கை வைக்காதே என்று கர்த்தர் எச்சரிப்பது ராஜாக்களை. அதிகாரம் இல்லாதவனுக்குக் காவலாக அதிகாரம் உள்ளவனுக்குச் சொன்ன சொல் அது. இன்றைக்கு மைக்கும் மேடையும் வங்கிக் கணக்கும் உள்ளவர், அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணைப் பார்த்து அதைச் சொல்கிறார். வசனத்தின்படி பார்த்தால் அந்த இடத்தில் பரதேசி நீங்கள், ராஜா அவர்.

தாவீது ராஜாவும் அபிஷேகம் பண்ணப்பட்டவன்தான். நாத்தான் தீர்க்கதரிசி நேரே போய் “நீயே அந்த மனுஷன்” என்றான். அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே எதிர்த்ததாகப் பவுல் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். பேதுருவையே கேட்கலாம் என்றால் பாஸ்டரைக் கேட்கலாம்.

உங்கள் முக்கியமான கேள்வி, உண்மையான வழிகாட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. நீங்கள் தேடுவது ஒரு நல்ல பாஸ்டரையா, அல்லது உங்களுக்குப் பதிலாகக் கடவுளின் குரலைக் கேட்டுச் சொல்லும் ஒருவரையா? இரண்டாவது என்றால் அந்த ஆசையே பழைய குழி. இதற்கு வேதத்தில் ஒரு கதை இருக்கிறது. பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடியாது. புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் எடுக்கும், வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையில் நிச்சயமாக வராது.

முதலாம் ராஜாக்கள் பதின்மூன்றாம் அதிகாரம். யூதாவிலிருந்து ஒரு தேவனுடைய மனுஷன் பெத்தேலுக்கு வருகிறான். பெயர் கிடையாது. பலிபீடத்தண்டை நிற்கும் யெரொபெயாம் ராஜாவுக்கு எதிராகத் தீர்க்கதரிசனம் சொல்கிறான். அவனைப் பிடிக்கச் சொல்லி நீட்டிய ராஜாவின் கை மரத்துப்போகிறது, இவன் வேண்டிக்கொண்டதும் சரியாகிறது. ராஜா விருந்துக்குக் கூப்பிடுகிறான். இவன் மறுக்கிறான். ஏனென்றால் அவனுக்கு வந்த கட்டளை தெளிவானது: அங்கே அப்பம் தின்னாதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே. ராஜாவுக்கே மசியாத ஆள்.

அதே ஊரில் ஒரு கிழத் தீர்க்கதரிசி. மகன்கள் சொல்லக் கேட்டுக் கழுதையில் ஏறிப் பின்னாலேயே போகிறான். தேவனுடைய மனுஷன் ஒரு கர்வாலி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். வா, வீட்டில் சாப்பிடலாம். முடியாது, கட்டளை இருக்கிறது. அதற்குக் கிழவன், நானும் உன்னைப்போலத் தீர்க்கதரிசிதான், உன்னை அழைத்து வரச்சொல்லி ஒரு தூதன் என்னிடம் சொன்னான் என்கிறான். அவன் சொன்னது பொய் என்று வேதம் அங்கேயே சொல்லிவிடுகிறது. இவன் நம்பிப் போகிறான், சாப்பிடுகிறான், திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொல்கிறது. சிங்கம் உடலைத் தின்னவில்லை, கழுதையையும் தொடவில்லை. உடலுக்கு இந்தப் பக்கம் கழுதை, அந்தப் பக்கம் சிங்கம், இரண்டும் வழியில் சும்மா நிற்கின்றன. கிழவன் வந்து உடலை எடுத்துப்போய்த் தன் சொந்தக் கல்லறையில் வைத்து, ஐயோ என் சகோதரனே என்று அழுகிறான்.

பொய் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது என்னால் தாங்கவே முடியவில்லை. இப்போதும் அந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தத் தேவனுடைய மனுஷன் எங்கே விழுந்தான் என்று தெரிகிறது. தனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்றை, வயதில் மூத்த, அதே தொழில்காரர் ஒருவர் “எனக்கு வெளிப்பட்டது” என்றதும் கீழே வைத்துவிட்டான். உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதானே? ஊசி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, உங்கள் அப்பாவுக்கும்.

ஏமாற்றுகிறவர்களை அடையாளம் காண ஆதிச் சபை வைத்திருந்த வழி கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருக்கும். ‘திதாகே’ என்று ஒரு சிறு நூல், பன்னிரண்டு அப்போஸ்தலரின் போதனை என்பார்கள். முதல் நூற்றாண்டின் கடைசியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. கிட்டத்தட்டக் காணாமலே போய், 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியில் அகப்பட்டது. ஊர் ஊராக வரும் ஊழியக்காரர்களைப் பற்றி அது சொல்வது: ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது வழிக்கு அப்பம் தவிர ஒன்றும் வாங்கக்கூடாது, பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து, எனக்குப் பணம் கொடு என்பவனைக் கேட்காதே, இல்லாத வேறொருவருக்குக் கொடு என்று சொன்னால் அவனைக் குற்றம் சொல்லாதே. ஆவியில் விருந்து வைக்கச் சொல்கிறவன் அந்தப் பந்தியில் தானே உட்காரக்கூடாது என்றுகூட இருக்கிறது. இந்தச் சட்டத்தோடு நம்மூர்க் கன்வென்ஷன் பந்தல் எதற்குள்ளாவது போனால் மேடையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளை மட்டும் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் பிறந்த சிஎஸ்ஐயில் தேர்தல் வந்தால் நடக்கும் கூத்தும் சொத்து வழக்குகளும் ஊரறிந்தவை. பலகையில் எழுதியிருக்கும் சபைப் பெயரை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

பாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் யுஸ்தூஸ் யோசேப்பு என்று ஒருவர் இருந்தார், வித்வான் குட்டி என்பார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி, ஆங்கிலிக்கன் சபையில் குருவானவரும் ஆனவர். எழுப்புதல் கூட்டங்களின் வேகத்தில் அவரும் கூட்டத்தாரும் 1881இல் இயேசு திரும்ப வருவார் என்று நம்பி, பிரிந்து, தனிச் சபையே கண்டார்கள். சொன்ன நாள் வந்தது, போனது. நம்பிய ஜனங்களுக்குப் பெரிய அடி. அவர் பணத்துக்காகச் செய்தார் என்று யாரும் சொல்வதில்லை, மனதார நம்பித்தான் தவறாக வழிநடத்தினார். அவர் எழுதிய கீர்த்தனைகளை மலையாள சபைகள் இன்றும் பாடுகின்றன. பாடுகிறவர்களில் பலருக்கு 1881 என்ன வருடம் என்றே தெரியாது. பாட்டு அவருடையதாக நின்றுபோகவில்லை. அந்தப் பாஸ்டர் கற்றுக்கொடுத்ததாலேயே உங்கள் அடுப்படிப் பாட்டும் அவருடையது ஆகிவிடாது. அப்பாவுக்கும் அந்தப் பாட்டு பிடித்திருந்தது என்றால் தாராளமாகப் பாடுங்கள்.

பிராமணக் குடும்பத்தில் பிறந்த சமூகச் சீர்திருத்தக்காரர் பண்டித ரமாபாயை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1883இல் இங்கிலாந்தில், வாண்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். அவரைப் பராமரித்த கன்னியர் மடம், இனி சபை சொல்வதைக் கேட்டு நட என்றது. ரமாபாய் கடிதத்தில் பதில் எழுதினார்: பெரும்பாடுபட்டு இந்தியப் புரோகிதர்களின் நுகத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன், குருமார்கள் சொல்வதெல்லாம் கடவுள் கட்டளை என்று ஏற்று அதே மாதிரி இன்னொரு நுகத்துக்குள் போக மாட்டேன். சபையை வெறுத்தல்ல, விசுவாசத்தோடுதான் இதை எழுதினார். பிறகு எபிரெயமும் கிரேக்கமும் படித்து, கிராமத்துப் பெண்களுக்குப் புரியும் மராத்தியில் வேதாகமம் முழுவதையும் தாமே மொழிபெயர்த்தார். 1922இல் இறப்பதற்குச் சற்று முன்பு அந்த வேலையை முடித்தார்.

நமக்கு அவ்வளவு சிரமம் கிடையாது. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது 1715இல். முந்நூறு வருடமாகக் கையில் இருக்கிற புத்தகம். ஆனால் பாஸ்டர் சொல்லும் வசனத்தை மட்டும் திருப்பி, ஆமென் சொல்லி, மூடிவிடுகிறோம். பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் பேசியதையே, காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அவர்களைப் பின்மாற்றக்காரர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா எழுதவில்லை, நற்குணசாலிகள் என்று எழுதினார்.

அப்படியானால் யாருமே வேண்டாமா? வேண்டும். தனியாக இருந்தால் துக்கம் தின்றுவிடும். எங்கள் ஊரில் ஒரு உபதேசியார் இருந்தார். குடையும் மஞ்சள் பையுமாக நடந்தே வருவார். என் சித்தப்பா கிணற்றில் விழுந்து இறந்தபோது அவருக்குப் பதினோரு வயது. ஆச்சி உபதேசியாரைப் பிடித்துக்கொண்டு, ஏன் எடுத்தார், எனக்குச் சொல்லும் என்று கேட்டார்களாம். அவர், “தெரியலையே அம்மா” என்றாராம். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, ஆச்சி பாதியில் விட்ட புளியை எடுத்துக் கொட்டை நீக்கிக்கொண்டு இருட்டும் வரை இருந்திருக்கிறார். அடுத்த நாளும் வந்தார். ஆச்சி சாகிற வரைக்கும் சொன்னது பெரிய பெரிய பிரசங்கிகளைப் பற்றி அல்ல, இவரைப் பற்றித்தான். தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த ஒருவர், காணிக்கைக் கணக்கைக் கேட்டால் முகம் சுளிக்காத ஒருவர், டாக்டரிடம் போகச் சொல்லி ஆட்டோவும் கூப்பிடுகிற ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கக்கூடும். அவருக்குப் பாஸ்டர் பட்டம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் எங்கே ஆராதனைக்குப் போகிறாரோ அங்கே ஒரு ஞாயிறு கூடப் போய்ப் பாருங்கள். மனம் நிலைக்காவிட்டால் வந்துவிடுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

கடைசியாக அம்மா. வளையலைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். தப்பு என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் அந்த இருபதாம் நாளையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு நாள் ஆகும். அம்மாவின் பைபிளில் மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஏழை விதவையின் இரண்டு காசு வரும் இடத்தில் நிச்சயம் கோடு போட்டிருப்பார்கள், காணிக்கைக் கூட்டத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள்! ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், முப்பத்தெட்டாம் வசனத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். அந்த விதவை காசு போடுவதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு என்ன சொல்கிறார் என்று அம்மாவே கேட்டுக்கொள்ளட்டும். பதின்மூன்றாம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசித்துவிடுங்கள். அந்தக் காசு போய்ச் சேர்ந்த ஆலயம் என்ன ஆகும் என்று அங்கே இருக்கிறது.

அம்மா என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.