விக்ஸ் தடவினால் பிண வாடை அடங்குமா?

குழித்துறை ஆற்றில் மூன்று நாள் கிடந்து ஊறிய உடலைத் தூக்குபவர்கள் மூக்கில் விக்ஸ் தடவினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. விக்ஸ் வாடையைத் தடுப்பதில்லை. மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பச்சை சர்ஜிக்கல் மாஸ்க்கும் உதவாது, வாயு அதில் தாராளமாகப் புகும். கரித்தூள் அடைத்த மாஸ்க் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

பிணவறை வேலையில் பழகியவர்கள் வெளியே ஓடி ஓடி வர மாட்டார்கள். சில நிமிடத்தில் மூக்கு தானாக மரத்துவிடும். வெளியே போய்த் திரும்பினால் முதலிலிருந்து தொடங்கும். ஆனால் மூடிய குழி, செப்டிக் டேங்க் என்றால் மூக்கை நம்பவே கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு கூடினால் வாடையே தெரியாது, ஆள் சாய்ந்துவிடுவார்.

உடலைக் கிடத்திய மேசையை முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் உறைந்து ஒட்டும், ஆவியோடு வாடையும் எழும். அப்புறம் 5% ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். அதோடு ஆசிட் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், சேர்க்கவே வேண்டாம்.

முடியில்தான் வாடை தங்கும். தொப்பி போடாமல் போனவர், வீட்டில் குளித்த பிறகும் தலையணையில் அதை முகர்வார்.

புற்றுநோய்ப் புண்ணின் நாற்றம் வேறு கதை: காற்றில்லாமல் வாழும் கிருமிகளின் வேலை. டாக்டர் சொன்னால் அந்தக் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவார்கள்.