மாடியில் தேனீப் பெட்டி: நகர மன்றம் அனுமதித்தால் வழக்கு வராதா?

கேள்வி: வீட்டு மாடியில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். நகருக்குள் தேனீ வளர்க்க அனுமதிப்பதா, வேண்டாமா என்று நகர மன்றம் அடுத்த மாதம் விவாதிக்கிறது. இதற்கிடையே, குழந்தையைத் தேனீ கொட்டிவிட்டது, பெட்டிகளை எடுக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தீர்மானம் நிறைவேறினால் நான் தப்பித்துவிடலாமா?

பதில்: முழுதாகத் தப்பிக்க முடியாது. மன்றம் அனுமதித்தால் நகராட்சி உங்களுக்கு அபராதம் போடாது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் சிவில் நீதிமன்றத்துக்குப் போவதை அந்த அனுமதி பொதுவாகத் தடுக்காது.

இப்போதைய விதியில் தேனீக்குத் தடை இருக்கிறதா, அல்லது அதைப் பற்றிப் பேச்சே இல்லையா? முதலில் விதியின் சான்றிட்ட நகலை வாங்கிப் படியுங்கள். நேரடியாகத் தேனீ என்று எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. நியூயார்க் நகரில் 2010 வரை, வீட்டில் வைத்திருக்கக் கூடாத ஆபத்தான விலங்குகளின் பட்டியலில்தான் தேனீயும் அடங்கியிருந்தது. தடை இருந்தால் தீர்மானம் வரும்வரை பெட்டிகளை நகருக்கு வெளியே வைத்துவிடுங்கள். நாளை வரப்போகும் அனுமதியைக் காட்டி இன்றைய மீறலை நியாயப்படுத்த முடியாது.

சரி, வழக்குக்கு வருவோம். தேனீ வளர்ப்பது அதனளவிலேயே சட்டத்தின் பார்வையில் தொல்லை ஆகிவிடாது. நகருக்குள் தேனீயே கூடாது என்று அர்க்கடெல்பியா என்ற ஊர் போட்ட விதியை, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில உச்ச நீதிமன்றம் 1889-இல் இந்தக் காரணத்துக்காகவே ஏற்கவில்லை. மறுபக்கமும் உண்டு. 1903-இல் அயர்லாந்தில் ஒரு வழக்கு: ஒருவர் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து நிலத்துக்காரர்கள் தேன் எடுக்கப் புகை போட்டார்கள். கலைந்த தேனீக்கள் குதிரையைக் கொட்ட, அது மிரண்டு, ஆளுக்கு அடிபட்டது. அளவுக்கு மீறிய கூட்டத்தைத் தகாத இடத்தில் வைத்ததால் வளர்த்தவர்களே பொறுப்பு என்றது நீதிமன்றம். எத்தனை பெட்டி, எங்கே, எப்போது திறந்தீர்கள் என்றுதான் உங்களிடமும் கேட்பார்கள்.

கொட்டியது உங்கள் தேனீதான் என்று நிரூபிக்க வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். அது லேசான வேலை இல்லை. தேனீ இரை தேடி மூன்று கிலோமீட்டர்கூடப் போகும். அது தேனீதானா என்பதே முதல் கேள்வி. தேனீ கொட்டினால் கொடுக்கு பிய்ந்து தோலில் குத்தி நிற்கும். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப்போகாது. மருத்துவரின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் இந்த வாதத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். குழந்தைக்குத் தேனீ விஷம் ஒவ்வாது என்று அவர் ஒருமுறை எழுத்தில் தெரிவித்துவிட்டால், ‘எனக்குத் தெரியாது’ என்று பிறகு சொல்ல முடியாது. உங்களிடம் எதிர்பார்க்கப்படும் கவனமும் அன்றிலிருந்து கூடிவிடும். எனவே கடிதம் வந்தால் மரியாதையாகப் பதில் எழுதி, செய்ததைச் சொல்லுங்கள். பெட்டி வாசலுக்கு எதிரே ஆறடித் தட்டி கட்டினால் தேனீக்கள் மேலெழும்பித் தலைக்கு மேலே போய்விடும். தண்ணீர்த் தொட்டியை இன்றே வையுங்கள். பக்கத்து வீட்டு வாளியில் ஒருமுறை பழகிவிட்டால் அங்கேயேதான் போகும். தேன் எடுக்கும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அப்புறம், தெரு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடாதீர்கள். அந்தப் பதிவுகள் நீதிமன்றத்துக்கும் வரும்.

மன்றத்தில் கருத்துச் சொல்ல வாய்ப்பிருந்தால் எழுத்தில் கொடுங்கள். தேனீயால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் விதியின் வாசகத்தைக் கவனியுங்கள். “அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லாத வகையில்” என்று மட்டும் எழுதிவிட்டால், ஒவ்வொரு புகாருக்கும் ஆய்வாளர் நினைத்ததே சட்டமாகிவிடும். எத்தனை சதுர அடிக்கு எத்தனை பெட்டி, எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், பதிவு எப்படி, ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு எவ்வளவு அவகாசம் என்று எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், தெளிவில்லாத அனுமதியைவிடக் கறாரான அனுமதி உங்களுக்கு நல்லது.

வாடகை வீடா, அடுக்குமாடியா என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியானால் உரிமையாளரின் அல்லது சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால், மன்றம் ஒருமனதாக அனுமதித்தாலும் அவர்கள் சொன்னால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும்.