பிந்தி வருகிறவர்களுக்காக

அன்புள்ள அக்கா,

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது டவுனில் கடை வேலை. கொரோனா காலத்தில் பிரசங்கத்தை யூடியூப்பில் கேட்கப் பழகி, அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கோயிலில் முன் வரிசை ஸ்டாப் (தோட்ட உத்தியோகத்தர்) குடும்பங்களுக்கு. தேயிலைக் காட்டில் வேலை முடித்துப் பிந்தி வரும் பெண்களுக்குக் கடைசி பெஞ்சு. மிச்ச நேரமெல்லாம் கமிட்டிச் சண்டை. வேதம் வீட்டிலேயே வாசிக்கலாம், ஜெபிக்கலாம். அப்புறம் சபை எதற்கு?

ஆர்.

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்லும் முன் வரிசை புதிதல்ல. மலையகத் தோட்டங்களில் ஆங்கிலிக்கன் ஊழியத்தைத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் 1854இல் வந்தது. சபையை நடத்திய உபதேசியார்களின் சம்பளத்துக்குத் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வளர்ந்த சபைக்குள் தோட்டத்தின் மேல் கீழும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் கொரிந்து சபையையும் பாருங்கள். அங்கே வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் கூடிவருவது நன்மைக்கல்ல, தீமைக்கே என்று பவுல் முகத்துக்கு நேரே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11). அப்படித் திட்டிய மனிதர் அதோடு கூட்டத்தைக் கலைத்திருக்கலாம். அவர் கேட்டதோ, “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்றுதான். எனக்குச் சபையின் வேலை அந்த வரியில்தான் புரிகிறது.

எங்கள் தோட்டத்தில் திருவிருந்து ஞாயிறிலும் சில சமயம் கொழுந்து பறிக்கும் வேலை இருக்கும். கொழுந்தை நிறுத்து முடித்து வரும் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை வாசலில் அவிழ்த்து வைப்பார்கள், காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். அதுவரை பழைய உபதேசியார் கீர்த்தனையை இழுத்துக்கொண்டே இருப்பார். ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஸ்டாப் வீட்டார் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். கடைசிப் பெண்ணும் உட்கார்ந்த பிறகுதான் அப்பத்தை மூடிய துணி விலகும். அவருடைய பிரசங்கம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. (சுமார்தான் என்று அம்மா சொல்லுவார்.)

யூடியூப் பிரசங்கம் அதைவிட நன்றாகவே இருக்கும், மறுக்கவில்லை. வேண்டாத ஆளை ஒரு விரலால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். சபையில் அது முடியாது. போன வாரம் உங்களோடு சண்டை போட்டவர் கையிலிருந்தே பாத்திரத்தை வாங்க வேண்டிவரும். கஷ்டம்தான். ஆனால் அயலானை நேசி என்று வேதம் சொல்லும்போது, அந்த அயலான் வேறு எங்கே கிடைப்பான்? நாமாகத் தேர்ந்தெடுத்த நண்பர்களை நேசிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சபைக்குப் போகாவிட்டால் பரலோகம் இல்லை என்று பயமுறுத்துவது என் வேலை இல்லை. கமிட்டிச் சண்டை ஓயும் என்றும் சொல்லமாட்டேன். ஒன்று செய்யலாம். அடுத்த கூட்டத்துக்குப் போய், ஞாயிறு கொழுந்து உள்ள நாட்களில் ஆராதனையை மாலை நான்கு மணிக்கு வைக்க முடியுமா என்று கேளுங்கள். முன் வரிசையிலிருந்து எதிர்ப்பு வரும். உங்கள் அம்மாவையும் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
அக்கா