யானையை வேறு காட்டில் விடுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,
எங்கள் பக்கம் யானை இறங்கிவிட்டால் ‘பிடி’, ‘சுடு’ என்று கூச்சல் கிளம்புகிறது. கொல்லவும் வேண்டாம், கூண்டில் அடைக்கவும் வேண்டாம். மயக்க ஊசி போட்டு அடர்காட்டில் கொண்டுபோய் விட்டால் இருதரப்புக்கும் நல்லதுதானே?
சரவணக்குமார், துடியலூர்

அன்புள்ள சரவணக்குமார்,

துடியலூர்க்காரருக்குச் சின்னத்தம்பி யானையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கம் பிடித்து, லாரியில் ஏற்றி, டாப்சிலிப் அருகே வரகளியாறு காட்டில் விட்டார்கள். நீங்கள் கேட்கும் அதே அடர்காடு. ஒரு வாரத்துக்குள் கழுத்தில் நடமாட்டம் காட்டும் ரேடியோ காலரோடு இறங்கி வந்து, உடுமலை தாண்டி, அமராவதி சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்புக்குள் நின்றது. கரும்பு தின்று பழகிய யானைக்குக் காடு மாறினால் நாக்கு மாறிவிடுமா? வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு. பிப்ரவரியில் கும்கிகளை வைத்து மறுபடி பிடித்து, முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். நீங்கள் வேண்டாம் என்ற கூண்டுதான், சுற்றி வளைத்து.

அரிக்கொம்பன் யானையும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் டவுனுக்குள் ஓடியது. காயம்பட்ட ஒருவர் இறந்தார். சின்னக்கானலின் தலைவலியைக் கம்பத்துக்கு மாற்றலாமா என்று கம்பத்துக்காரர்களை யார் கேட்டார்கள்? ஜூனில் நம் வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. சிறுத்தையிலும் இதே கதைதான். மகாராஷ்டிராவின் ஜுன்னரில் பிடித்து வேறு இடங்களில் விட்டபோது தாக்குதல்கள் கூடின.

தொடர்ந்து ஆளைக் கொல்லும் புலி விஷயம் வேறு. அதை இன்னொரு காட்டில் விடுவது அந்தக் காட்டோரத்து மக்களுக்குச் செய்யும் துரோகம். 2021இல் மசினகுடி டி23 புலியை மூன்று வாரம் தேடி உயிரோடு பிடித்து மைசூரில் உள்ள விலங்கு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள், சரி. பிடிக்க முடியாவிட்டால் சுடுவதற்கு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமே இடம் தருகிறது. 2014இல் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டதை நான் குறை சொல்ல மாட்டேன்.

யானைக்கு நான் முதலில் கேட்பது வால்பாறை ஏற்பாட்டை. பக்கத்தில் யானை நின்றால் எஸ்டேட் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும், தொழிலாளர் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகும். இருட்டில் எதிரே போய் முட்டிக்கொள்வதால்தானே பாதிச் சாவு? அங்கே அது குறைந்திருக்கிறது. பயிர் போவதை விளக்கு தடுக்காது. அதற்கு இழப்பீடு தாமதமில்லாமல் வர வேண்டும். உங்கள் பகுதியில் இவற்றைக் கேட்டு மனு எழுதினால் அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.