முத்துலட்சுமி ரெட்டி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டீச்சர், இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் இவர்தானா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.

பதில்: "பிரிட்டிஷ் இந்தியாவின்" என்று சேர்த்து எழுதுங்கள் தம்பி, அப்போதுதான் சரி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அதற்கு முன்பே நியமன உறுப்பினராக இருந்தார். முத்துலட்சுமி சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போனது 1927-இல். போனதுமே ஒருமனதாகத் துணைத் தலைவராக்கினார்கள்.

கேள்வி: தேர்தலில் நின்று ஜெயித்தாரா?

பதில்: இல்லை, நியமனம்தான். 1926 தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார்.

கேள்வி: ஆண்கள் கல்லூரியில் படித்தவராமே?

பதில்: ஆமாம், எங்கள் ஊர் மன்னர் கல்லூரி. அவர் அப்பா நாராயணசாமி ஐயர் அங்கேயே முதல்வராக இருந்தவர். அப்படியிருந்தும், பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. அப்புறம் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம்.

கேள்வி: ரெட்டி என்பது கணவர் பெயரா?

பதில்: ஆமாம், டாக்டர் சுந்தர ரெட்டி. 1914-இல் கல்யாணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லித்தான் சம்மதித்தார்.

கேள்வி: தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1929-ஆ, 1947-ஆ? குழப்பமாக இருக்கிறது அக்கா.

பதில்: இரண்டும் உண்டு, ஆனால் இரண்டும் வேறு. பலர் 1929-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். கோயில் பணிக்கு மானியமாக விட்ட நிலத்தை வைத்துத்தான் தேவதாசிக் குடும்பங்கள் சாப்பிட்டன. நிலம் கையில் நிற்க வேண்டுமானால் பணி தொடர வேண்டும். பணி தொடர வேண்டுமானால், அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும், அதாவது அவளைக் கோயில் தெய்வத்துக்கு நேர்ந்துவிட வேண்டும். வயிற்றுப்பாட்டோடு கட்டிய முடிச்சு அது. 1929-இல் அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே. அதற்குப் பிறகுதான் பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். முதலில் சோற்றுக்கு வழி, பிறகு தடை. ஒரு சட்டத்தை இந்த வரிசையில் யோசித்ததற்காகவே அவரைக் கும்பிடலாம். 1930-இல் காந்தி கைதானதும் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். தடைச் சட்டம் நிறைவேற 1947 ஆயிற்று.

கேள்வி: அந்தச் சமூகத்துப் பெண்களே எதிர்த்தார்கள் என்கிறார்களே?

பதில்: எதிர்த்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முக்கியமானவர். தங்களைப் பாலியல் தொழிலாளர்களோடு சேர்த்துப் பேசியது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அவர்களுடைய நடனமான சதிரை ஆடுவதையே முத்துலட்சுமி எதிர்த்தது அதிகப்படி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் யாரோ வெளியாள் வந்து சீர்திருத்தினார் என்பது தப்பு. அவர் அம்மா சந்திரம்மாள் அதே சமூகத்தில், இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இதே வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார்.

கேள்வி: அவ்வை இல்லம் அவருடையதா?

பதில்: அவருடையதுதான். பொட்டுக்கட்டுக்குத் தப்பி அவர் வீட்டு வாசலுக்கு வந்த பெண்களை எந்த விடுதியிலும் சேர்க்க மறுத்தார்கள். சரி, இங்கேயே இருங்கள் என்று தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் பிறகு அவ்வை இல்லம் ஆனது.

கேள்வி: அம்மாவை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காட்டுகிறோம். வளாகத்தில் இவர் பெயரைப் பார்த்தேன், என்ன தொடர்பு?

பதில்: அதைத் தொடங்கியதே அவர்தான். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார், பக்கத்தில் இருந்து பார்த்தார். அந்தத் துக்கம் ஆறவே இல்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-இல் 12 படுக்கைகளோடு திறந்தது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறுவருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் வளர்த்தெடுத்தார்கள். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுதுங்கள்.