நிறுத்தி வைக்கும் வண்டி: வாசகர் கேள்வி-பதில்

பிள்ளைகளிடம் வெளிநாடு போகும் காலம் தொடங்கிவிட்டது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: மாதக்கணக்கில் வண்டியை எப்படி விட்டுப் போவது?

மூன்று மாதத்துக்கு ஹாண்ட் பிரேக் போட்டு விடலாமா? (வெள்ளவத்தை)

வேண்டாம். கடல் ஈரத்தில் பிரேக் லைனர், சில்லோடு சுற்றும் ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

எங்கள் தொடர்மாடிக் காவலாளி கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதாகச் சொல்கிறார். மாதம் எவ்வளவு கொடுக்கலாம்? (தெஹிவளை)

ஒரு சதமும் வேண்டாம். சாவியை அவரிடம் கொடுக்காமல் இருந்தாலே வண்டிக்கு நல்லது. எத்தனை தடவை எழுதினாலும் இந்த ஐந்து நிமிடப் பழக்கம் கொழும்பை விட்டுப் போவதாயில்லை.

ஸ்டார்ட்டர் ஒரு தடவை சுற்றப் பற்றரியிலிருந்து இழுக்கும் மின்சாரத்தை, ஏசியும் ரேடியோவும் போட்டபடி ஐந்து நிமிடம் ஐட்லில் நிற்கும் என்ஜின் திருப்பிக் கொடுக்காது. ஒவ்வொரு கிழமையும் பற்றரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதைவிட மோசம், என்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவது. ஒரு லீற்றர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த சைலன்சருக்குள்ளோ அப்படியே தேங்கி நிற்கும். அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது குழாய் வாயில் கறுப்பு நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிப்பது இப்படித்தான். எரியாத பெட்ரோலும் ஒயிலில் போய்க் கலக்கும்.

வழி இரண்டுதான். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வண்டியைச் சும்மா விடுங்கள். இல்லையென்றால், நம்பிக்கையான ஒருவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதிகாலையில் பத்தரமுல்லைப் பக்கம் அரை மணி நேரம் ஓட்டி வரட்டும். டயர், பிரேக், கியர்பொக்ஸ், ஏசி எல்லாம் அப்போதுதான் அசையும். காலி வீதி நெரிசலில் ஊர்வது ஓட்டம் ஆகாது.

என் ஹைபிரிட் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, ஏன்? (வத்தளை)

என்ன மொடல், எந்த வருடம், எத்தனை நாள் நின்றது? ஒன்றுமே எழுதவில்லையே! பெரும்பாலும் அந்தச் சிறிய 12 வோல்ட் பற்றரிதான். மீற்றர் வைத்துப் பாருங்கள்: 12.6 இருந்தால் சரி, 12க்குக் கீழே என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது. ஹைபிரிட்டை மட்டும் நின்ற இடத்திலேயே இயக்கலாம். மாதம் ஒருமுறை ‘ரெடி’ விளக்கு எரியும் நிலையில் அரை மணி நேரம், காற்றோட்டமான இடத்தில். பற்றரி பின்புறம் இருக்கும் மொடல்களில் வயரைக் கழற்றியபின் பின்கதவைச் சாத்திவிடாதீர்கள். அது மின்பூட்டு, வெளியிலிருந்து திறக்காது.

கராஜ் கொஞ்சம் பள்ளம். பரவாயில்லையா? (கொலன்னாவை)

2016 மே வெள்ளத்தைப் பார்த்த ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். ஹாண்ட் பிரேக் போடாமல்.

தறப்பாள் போட்டு மூடலாமா? (பம்பலப்பிட்டி)

பொலித்தீன் தறப்பாள் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். காற்றுப் போகும் துணி உறை வாங்குங்கள். அதற்கு முன் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, உப்புப் போனபின் நன்றாகக் காய விடுங்கள்.

இங்கிலாந்தில் மகள் கரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறாள். குளிர்காலத்தில் என்ன செய்வது? (கொட்டாஞ்சேனை)

நமக்கு எதிரி ஈரம், அங்கே உறைபனி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், குழாய் வெடிக்கும். டாங்கி, வெந்நீர் ஹீற்றர், டொய்லட் எல்லாவற்றையும் வடித்துவிட்டுக் குழாய்களைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாயை நடுவில் நிறுத்த வேண்டும், அப்போதுதான் சுடுநீர், குளிர்நீர் இரண்டு பக்கமும் வடியும். காஸ் சிலிண்டரை மூடிக் கழற்ற வேண்டும். மெத்தைகளைச் சுவரில் முட்டாமல் நிமிர்த்தி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. காற்றுத் துவாரங்களை அடைக்கக் கூடாது. அங்கேயும் ஹாண்ட் பிரேக் வேண்டாம், கட்டைதான்.

எலி வயரைக் கடிக்காமலிருக்க நப்தலின் உருண்டை போடலாமா? (மட்டக்குளி)

மணக்கும், அவ்வளவுதான். சீற்றுக்கடியில் கிடக்கும் பிஸ்கட் தூளை முதலில் கூட்டுங்கள். காற்று உள்ளே போகும் குழாய் வாயையும் சைலன்சரையும் கம்பி வலையால் அடைத்துவிட்டு, அடைத்ததை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டுப் போங்கள்.