3 காசுத் தண்ணியும் காவிரியும்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

மலேசியாவோட ஜோகூர் மாநிலத்துலேர்ந்து நம்ம சிங்கப்பூருக்கு வர்ற தண்ணி பத்தி போன இதழ்ல ரெண்டே வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. அதனால இந்த மாசம் முழுக்க தண்ணிதான்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர்): அண்ணே, 1000 கேலன் தண்ணிக்கு நாம 3 காசுதான் கொடுக்குறோமாம், ஜேபியில (ஜோகூர் பாருல) இருக்கற என் மச்சான் பார்க்கறப்பல்லாம் குத்திக் காட்றாரு. நான் என்ன பதில் சொல்றது?

தம்பி, அந்த 3 காசு (மலேசியக் காசு) உண்மைதான், மறைக்க வேண்டாம். 1962ல போட்ட ஒப்பந்தம், ஜோகூர் ஆத்துலேர்ந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரைக்கும் எடுத்துக்கலாம், 2061 வரைக்கும் செல்லும். ஆனா அது ஆத்துல ஓடற பச்சைத் தண்ணிக்கான விலை. அதை இறைச்சு, சுத்தம் பண்ணி, குழாய் போட்டு கொண்டு வர்ற செலவு பூரா நம்ம பக்கம்தான். அப்புறம் மச்சான் சொல்லாம விடற இன்னொரு பாதி இருக்கு, சுத்தம் பண்ண தண்ணியில ஒரு பங்கை ஜோகூர் 1000 கேலனுக்கு 50 காசுன்னு திருப்பி வாங்கிக்குது, அதைச் சுத்தம் பண்ண 2 ரிங்கிட் 40 காசு ஆகுதுன்னு நம்ம அரசாங்கம் சொல்லியிருக்கு. ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியது ஒரு நாளைக்கு 5 மில்லியன் கேலன்தான், நல்லெண்ணத்துல வழக்கமா 16 மில்லியன் கொடுத்துட்டு வர்றாங்க, அங்க வறட்சி வந்து கேட்டப்ப அதுக்கு மேலயும் கொடுத்திருக்காங்க.

அதுக்காக மச்சான் வருத்தத்துல ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். 25 வருஷம் கழிச்சு விலையைத் திரும்பப் பார்க்கலாம்னு ஒப்பந்தத்துலயே இருந்துச்சு. 1987ல மலேசியா அதைக் கையில எடுக்கல. அந்த உரிமை அதோட போச்சுன்னு நாம சொல்றோம், எப்ப வேணா பார்க்கலாம்னு அவங்க சொல்றாங்க, இழுபறி இன்னும் தீரல. என் மனசுல பட்டதைச் சொல்றேன்: விலை மாறினாலும் ரெண்டு பேரும் உக்காந்து பேசி மாத்தணும், ஒருத்தர் மட்டும் மாத்தக் கூடாது. ஏன்னா 1965ல நாம பிரிஞ்சப்ப இந்தத் தண்ணி ஒப்பந்தத்தைப் பிரிவினை ஒப்பந்தத்துலயே எழுதி உறுதி கொடுத்து, அதை ஐநாவுலயும் பதிவு பண்ணியாச்சு.

இன்னொண்ணும் மச்சான்கிட்ட சொல்லுங்க. 1961ல போட்ட வேற ஒரு ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிஞ்சுச்சு. அன்னைக்கு ஸ்கூடாய், தெப்ராவ், குனோங் பூலாய்ல நாம நடத்துன தண்ணி நிலையங்களை ஓடற நிலையிலயே, ஒரு காசு வாங்காம ஜோகூர் கையில கொடுத்துட்டு வந்தோம்.

கேள்வி (ஈசூன் வாசகி): லிங்கியூ அணை லிங்கியூ அணைன்னு செய்தியில சொல்றாங்களே, அது மலேசியாவுல தானே இருக்கு, அதுல தண்ணி குறைஞ்சா நமக்கு என்ன?

நல்லா கேட்டீங்கம்மா, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. கோத்தா திங்கி பக்கம் நம்ம சுத்திகரிப்பு நிலையம் ஜோகூர் ஆத்துலேர்ந்து தண்ணி எடுக்குது. அந்த ஆறு போய் கடல்ல சேர்ற ஆறு. மழை இல்லாம ஆத்து நீரோட்டம் குறைஞ்சா கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறி வந்துடும், உப்பு வந்துட்டா இறைக்க முடியாது, பம்பை நிறுத்த வேண்டியதுதான். அப்ப மேல லிங்கியூவுல சேர்த்து வச்ச தண்ணியைத் திறந்து விடுவாங்க, அது வந்து உப்பைக் கீழ தள்ளும். நாம குடிக்கறதுக்கு மட்டும் இல்ல, அந்த ஆத்துக்கு உயிர் கொடுக்கறதுக்கே அந்த அணை. 1990ல ஜோகூரோட ஒப்பந்தம் போட்டு, செலவு நம்மளோடது, நிலம் அவங்களோடதுன்னு கட்டினது.

2016 அக்டோபர்ல அதுல 20 விழுக்காடு தண்ணிதான் மிச்சம் இருந்துச்சு. நம்ம அடுக்குமாடி புளோக்ல யாருக்காவது தெரிஞ்சுச்சா, குழாய் திறந்தா எப்பவும் போல வந்துச்சு. கடல்நீரைக் குடிநீராக்கறோம், புதுநீர் (கழிவுநீரைச் சுத்தம் பண்ணி எடுக்கற தண்ணி) இருக்கு, மரினா அணைக்கட்டு இருக்கு, எல்லாம் சரி. ஆனா ஆத்துக்கு மேல இருக்கற காடும், அதுல கழிவு கலக்காம பார்க்கறதும் ஜோகூர் கையில இருக்கு. ஆத்துல அம்மோனியா கூடிப் போய் தண்ணி இறைக்கறதையே நிறுத்தின நாட்கள் உண்டு, அப்ப ஜோகூர்க்காரங்க வீட்டுக் குழாய்லயும்தான் தண்ணி நின்னுச்சு. 3 காசா 30 காசான்னு ரெண்டு பக்கமும் பேசற நேரத்துல பாதியை இந்த ஆத்துக்குக் கொடுத்தா நல்லாருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர், சொந்த ஊர் மன்னார்குடி பக்கம்): ரெண்டு நாடு 60 வருஷத்துக்கு மேல ஒரு ஆத்தைப் பங்கு போட்டுக்குது, ஒரே நாட்டுல இருக்கற கர்நாடகாவும் தமிழ்நாடும் காவிரிக்கு ஏன் இப்படி அடிச்சுக்குது?

ஐயா, இதை நான் நாலஞ்சு தடவை எழுதி எழுதி அழிச்சேன். முதல்ல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 250 மில்லியன் கேலனை 365 நாளும் முழுசா எடுத்தாலும் வருஷத்துக்கு 15 டிஎம்சிக்கும் (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி) கொஞ்சம் கம்மிதான் வரும். 2018ல உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி எல்லையில இருக்கற பிலிகுண்டுலுல தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது வருஷத்துக்கு 177.25 டிஎம்சி, அதுல ஆகஸ்ட் ஒரு மாசத்துக்கு மட்டும் 45.95. நம்ம மூணு வருஷத் தண்ணி அங்க ஒரு மாசத்துல போகுது. இங்க குடிக்கற தண்ணி, அங்க வயல்ல நிக்கற தண்ணி, அதனால ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுப் பேச முடியாது.

இன்னொரு வித்தியாசம் நேரம். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தா குறுவை நெல்லு, தள்ளிப் போனா குறுவை போச்சு, உங்களுக்கு நான் சொல்லணுமா. அதே ஜூன் ஜூலைல மேல இருக்கற கர்நாடக விவசாயிக்கும் தண்ணி வேணும், அவனும் பொய் சொல்லல. 1924 காவிரி ஒப்பந்தத்துல சில பகுதியை 50 வருஷம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்னு இருந்துச்சு, 1974ல அது என்ன ஆச்சுன்னு ரெண்டு மாநிலமும் வேற வேற அர்த்தம் சொல்லுச்சு. நடுவர் மன்றம் வர 1990 ஆச்சு, இறுதித் தீர்ப்பு வர 2007 ஆச்சு, மேலாண்மை ஆணையம் வர 2018. அத்தனை வருஷமும் மழை நல்லா பெஞ்ச வருஷம் சண்டை இல்ல, பொய்ச்ச வருஷம் எல்லாம் கோர்ட்டு. பற்றாக்குறையை விகிதப்படி பங்கு போடணும்னு தீர்ப்பு சொல்லுது, அதை எந்த வாரம் எப்படி அளக்கறதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட கணக்கு இல்ல. எனக்கு இதுதான் முக்கியமான ஓட்டைன்னு தோணுது. வறட்சிக்கு எழுதாத ஒப்பந்தம் வறட்சியிலதான் உடையும்.

ஆனா இந்தியாவுலயும் நல்ல உதாரணம் இருக்குங்க, மறந்துட்றோம். சென்னைக்குக் குடிக்கத் தண்ணி வேணும்னு மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூணும் ஆளுக்கு 5 டிஎம்சி கிருஷ்ணா தண்ணி தர ஒத்துக்கிச்சு, மொத்தம் 15, கிட்டத்தட்ட நம்ம ஜோகூர் தண்ணி அளவுதான்! 1983ல கால்வாய்க்கு ஒப்பந்தம், 1996ல சென்னைக்குப் பக்கத்துல இருக்கற பூண்டி ஏரிக்குத் தண்ணி வந்து சேர்ந்துச்சு. வழியில போற இழப்பு கழிச்சு 12 வரணும், பல வருஷம் அதுல பாதிகூட வரல. மனசு வந்து கொடுத்தாங்க, ஆனா ஆந்திராவோட கண்டலேறு அணையிலேர்ந்து தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் 150 கிலோமீட்டர் திறந்த கால்வாய், அதை யார் தினமும் பார்த்துக்கறது? கோத்தா திங்கியில நம்ம ஆளுங்களே நின்னு இறைக்கறாங்க, அந்த வசதி சென்னைக்கு இல்ல.

கேள்வி (செங்காங் மாணவி): ஆசியான்ல மீகோங் ஆத்துக்கு ஒப்பந்தம் இருக்கா?

இருக்கும்மா, 1995ல தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நாலும் சேர்ந்து ஆணையம் அமைச்சாங்க. ஆனா ஆறு இறங்கி வர்ற சீனாவும் மியன்மாரும் உறுப்பினர் இல்ல, பேச்சுவார்த்தைக்கு மட்டும் வர்றாங்க. ஆத்து நீர்மட்டம், மழை அளவு விவரத்தை வருஷம் பூரா தர்றதா 2020ல சீனா ஒத்துக்கிச்சு, கீழ இருக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம். உங்க புராஜெக்ட்ல இதை வச்சு எழுதுங்க.

கேள்வி (தோ பாயோ வாசகி, வயசு 74): சின்ன வயசுல எங்க கம்பத்துல (கிராமத்துல) தண்ணி பங்கீடு வந்துச்சு, அம்மா ராத்திரியில எழுந்து அண்டா பூரா ரொப்பி மேல வெள்ளைத் துணி கட்டி வைப்பாங்க. அது எந்த வருஷம்? பேரப் பசங்க நம்ப மாட்டேங்கறாங்க.

பாட்டிம்மா, 1961லயும் பங்கீடு இருந்துச்சு, ஆனா நீங்க சொல்றது 1963ஆ இருக்கணும், மழை இல்லாம ஏப்ரல்ல ஆரம்பிச்சு 1964 பிப்ரவரி வரைக்கும் கிட்டத்தட்ட பத்து மாசம் நடந்துச்சு. அப்ப உங்களுக்குப் பதினொண்ணு பன்னெண்டு வயசு இருக்கும், அதான் துணி நிறம்கூட ஞாபகம் இருக்கு. பசங்ககிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. அந்த அண்டா இன்னும் வீட்டுல இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.